காந்தி சிலையடியில் படம் எடுக்கலாமா?

இரண்டு நாள் திருகோணமலையில் நிற்கப்போவதாகவும், போர்க் கல்லறையையும் 2006இல் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட கடற்கரையையும் பார்க்க விரும்புவதாகவும், வேடிக்கை பார்க்க வந்ததாகச் சனம் நினைக்குமோ என்றும் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் வாருங்கள்.

நிலாவெளி வீதியிலுள்ள கல்லறைக்கு வெயில் ஏறமுதல் போங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். கற்களில் பொறித்திருக்கும் வயதை நின்று வாசியுங்கள். படம் எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

கடற்கரை அப்படியில்லை. அந்தப் பிள்ளைகளோடு படித்தவர்கள் இன்னும் இதே ஊரில்தான் பின்னேரம் காற்று வாங்க வருகிறார்கள். பார்வைக்குச் சாதாரண இடம்தான்: கச்சான் வண்டி, மணலில் ஓடும் சின்னப் பிள்ளைகள், பக்கத்தில் காந்தி சிலை. அங்கே செல்ஃபி மட்டும் வேண்டாம். ஓட்டோக்காரரிடம் "எந்த இடத்தில சுட்டவை?" என்றும் கேட்காதீர்கள். அவர் அன்றைக்கு அங்கே நின்றவராக இருக்கலாம். அவராகச் சொன்னால் கேளுங்கள், பாதியில் நிறுத்தினால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், ஜனவரி 2 நினைவு நாள். அந்த நேரம் வந்தால், விளக்கேற்றுபவர்களுக்குப் பின்னால் நில்லுங்கள், போனைப் பைக்குள் வைத்துவிட்டு.