சோலார் பண்ணை வேலைக்கு மகனை அனுப்பலாமா?

கேள்வி: என் மகன் ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன் முடித்திருக்கிறான். ராமநாதபுரம் பக்கம் புதிதாகக் கட்டும் சோலார் பண்ணைக்குத் தினக்கூலி பேசி ஒரு ஒப்பந்தக்காரர் கூப்பிடுகிறார். "கோடிக்கணக்கில் பணம் போடுகிறார்கள், சம்பளம் தானாக ஏறும்" என்கிறார். அனுப்பலாமா ஐயா?
– வாசகி, எண்ணூர்

பதில்: கோடிகளை விடுங்கள் அம்மா. அதில் பெரும்பங்கு பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நிலத்துக்கும் போய்விடும். அனல் மின்நிலையத்தில் நிலக்கரி இறக்க, பாய்லரைப் பார்க்க என்று தினமும் ஆள் வேண்டும். எண்ணூர்க்காரரான உங்களுக்கு இது தெரியும். சோலாரில் கட்டும் மாதங்களில்தான் ஆள் குவியும். அதே ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் பண்ணையை 2016-இல் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுப்பினார்கள். முடிந்த பிறகு அங்கே பேனல் துடைப்பதற்கே ரோபோ வந்துவிட்டது. அதனால் உங்கள் மகனைக் கட்டும் வேலைக்குக் கூப்பிடுகிறார்களா, கட்டி முடித்த பிறகு பராமரிக்கவா என்று கேளுங்கள்.

கூலி தானாக ஏறும் என்பதை நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கீழே ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று கைமாறி வரும்போது, கடைசியில் நிற்கிற பையனுக்கு பிஎஃப், இஎஸ்ஐ கூடக் கிடைக்காமல் போவதுண்டு. இது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம்.

நான் சொல்வது, சென்னையிலேயே மொட்டைமாடி சோலார் வேலை பழகட்டும். 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு கோடி வீடுகள் இலக்கு. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஒவ்வொரு மாடியிலும் ஆள் ஏறித்தான் ஸ்டாண்டு போட்டு, வயர் இழுத்து, எர்த்திங் செய்ய வேண்டும். வேளச்சேரியிலும் அண்ணாநகரிலும் நான் பார்க்கிற சைட்டுகளில், பேனலைத் தூக்கி மாட்டுகிற பையனையும், பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை மின்சாரம் வரும் டிசி பக்கம் மீட்டர் வைத்துக் கோளாறைச் சொல்கிற பையனையும் ஒரே கூலிக்கு யாரும் கூப்பிடுவதில்லை. இரண்டாவது ஆள்தான் தன் கூலியைத் தானே பேசுகிறான்.

அந்த இடத்துக்கு வர, கிண்டியில் இருக்கும் மின் உரிம வாரியத்தில் வயர்மேன் சான்றுக்கு வழி கேளுங்கள். சோலார் வேலைக்கென்றே சூர்யமித்ரா என்று 600 மணி நேர இலவசப் பயிற்சி இருக்கிறது. ஐடிஐ எலக்ட்ரீஷியன் சேரலாம். அடுத்த வகுப்பு எங்கே என்று விசாரியுங்கள்.

இல்லை, ராமநாதபுரம்தான் போவேன் என்கிறானா? சரி, போகட்டும். தினக்கூலி எவ்வளவு, எத்தனை மாத வேலை, தங்குமிடமும் சாப்பாடும் யார் செலவு, பிஎஃப் எண் எப்போது தருவார்கள், எல்லாவற்றையும் ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு பஸ் ஏற்றுங்கள்.