பழைய ஜீப்புக்கு எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ்? கேள்வி பதில்

போடியிலிருந்து: அண்ணே, என்னிடம் பழைய மஹிந்திரா சிஜே 3பி இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின், மூணு கியர். எஸ்டேட்டுக்கு ஏறி இறங்கணும், அடிக்கடி மதுரையும் போய் வரணும். எந்த டீசல் எஞ்சின் போடலாம்?

எஞ்சினைக் கடைசியாகப் பேசுவோம். முதலில் வண்டியின் கிரவுன் பினியன் விகிதம் தெரியவேண்டும், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ப்ராப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று. முன் சக்கரங்களுக்கு நல்ல கட்டை கொடுத்துவிட்டு, பின் சக்கரம் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டான ப்ராப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு சக்கரத்தைச் சேர்ந்தாற்போல் பத்து சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் கிட்டத்தட்ட 54 சுற்று வந்தால் விகிதம் 5.38. 49 வந்தால் 4.88.

உங்களுடையது 5.38 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டியில் உள்ள டி-90 கியர்பாக்ஸின் முதல் கியர் 2.798. முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் 2.46. மூன்றையும் பெருக்கினால் 37. அதாவது எஞ்சின் 37 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. எஸ்டேட் ஏற்றத்துக்கு இது தாராளம், புதிதாக எதுவும் வேண்டியதில்லை.

மதுரை ரோட்டுக்கு வாருங்கள். டாப் கியர் நேர் விகிதம், 1:1. 6.00-16 டயரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,150 சுற்று சுற்றும். இந்த இடத்தில் பழைய டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தால் சத்தமும் அதிர்வும்தான் மிச்சம். ஐந்தாவது கியர் 0.85 உள்ள பெட்டி இருந்தால் அதே வேகத்தில் 2,700-க்கு இறங்கிவிடும். உங்கள் வண்டியில் இல்லாதது மேல் கியர். அதை வாங்கித் தருகிற கியர்பாக்ஸைத் தேடுங்கள், அதோடு வருகிற எஞ்சினை ஏற்றுக்கொள்ளுங்கள்.

மஹிந்திரா 4x4 வண்டி ஒன்றிலிருந்தே எஞ்சின், பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் நான்கையும் ஒரே செட்டாக எடுப்பது நல்லது. 2,523 சிசி டிஐ (டீசலை நேரடியாகப் பாய்ச்சும்) எஞ்சின் இன்டர்நேஷனல் டிராக்டர் எஞ்சின் வழி வந்தது. கீழ் சுற்றிலேயே நன்றாக இழுக்கும், கிராமத்து மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள். உங்கள் பின் டிஃபரன்ஷியல் (கிரவுன் பினியன் இருக்கும் உருண்டை) நடுவில் இருக்காது, வலப்பக்கம் தள்ளி இருக்கும். வாங்குகிற டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஷாஃப்ட் நடுவில் வந்தால் பின் ஆக்ஸிலையும் சேர்த்து வாங்க வேண்டும். முன்பக்கமும் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஊட்டியிலிருந்து: சார், ஜிப்ஸி, 970 சிசி. ஏற்றத்தில் திணறுகிறது.

ஜிப்ஸிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் மட்டும். அதனால் கியர்பாக்ஸை மாற்றினாலும் பின்னால் எதையும் அறுக்க வேண்டாம், அந்த ஷாஃப்டின் நீளத்தைச் சரிசெய்தால் போதும். பிந்தைய ஜிப்ஸியின் 1,298 சிசி எஞ்சினை அதன் கியர்பாக்ஸோடு எடுங்கள். எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் கணினி வழி பெட்ரோல் பீய்ச்சும்) எஞ்சின் என்றால் இசியு (அந்தக் கணினி), வயரிங், டேங்க் பம்ப் மூன்றும் கூடவே வரவேண்டும். டீசல் ஆசை வேண்டாம் தம்பி, அந்த வண்டியின் அழகே எடை குறைவுதான்.

கோவையிலிருந்து: குவாலிஸ் எஞ்சினை ஜீப் கியர்பாக்ஸில் பூட்ட லேத்தில் அடாப்டர் பிளேட் செய்து தருகிறார்கள். போல்ட் துளை சரியாக உட்கார்ந்தால் போதும்தானே?

போதாது. பல மாற்றங்கள் வீணாவது இங்கேதான். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் மையமும் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். கண்ணால் பார்த்தால் தெரியாது. ஃப்ளைவீலில் நுண்ணளவு காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, பெல் ஹவுசிங்கில் கியர்பாக்ஸ் உட்காரும் வட்டத் துளையைச் சுற்றி முள்ளை ஓட்டுங்கள். ஒரு முழுச் சுற்றில் முள் 0.005 அங்குலத்துக்கு மேல் ஆடினால் பிளேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சரியான இடம் கிடைத்ததும் டவல் பின் (இடம் நகராமல் பிடிக்கும் ஆணி) அடித்து உறுதிசெய்ய வேண்டும், போல்ட்டை நம்பக் கூடாது.

அடுத்து, இன்புட் ஷாஃப்டின் முனை கிராங்கில் உள்ள பைலட் புஷ் என்ற தாங்கு வளையத்துக்குள் முழுதாக நுழைகிறதா என்று பாருங்கள். பிளேட்டின் கனம் அளவுக்கு ஷாஃப்ட் பின்னால் தள்ளிப்போயிருக்கும். அரைகுறையாக நுழைந்தால் சில மாதங்களில் புஷ் தேய்ந்து, கிளச் பிளேட்டின் நடுப்பகுதி விரிசல் விட்டு, கியர் தானாக நழுவ ஆரம்பிக்கும். கியர்பாக்ஸ் மோசம் என்று அதைக் கழற்றி மாற்றுவார்கள், கோளாறு அப்படியே இருக்கும்.

நுவரெலியாவிலிருந்து: லேண்ட் ரோவர் சீரிஸ் 3, 2,286 சிசி டீசல். ஏத்தத்துல சூடாகுது அண்ணன்.

முதலில் ராடியேட்டரைக் கழற்றி உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், எஞ்சின் அப்புறம். மாற்றத்தான் வேண்டும் என்றால் 200 டிடிஐ. 1989-இல் டிஸ்கவரியோடு வந்த 2,495 சிசி டர்போ. உங்கள் எஞ்சினின் வம்சம் என்பதால் சீரிஸ் ஃப்ளைவீல் ஹவுசிங்கைப் பூட்டி உங்கள் கியர்பாக்ஸோடு சேர்த்துவிடலாம், அடாப்டர் தொல்லை இல்லை. 4.7 விகித டிஃபரன்ஷியலை எடுத்துவிட்டு 3.54 போடச் சொல்வார்கள். தோட்டப் பாதையில் ஓடுகிறவர் அதைச் செய்யாதீர்கள், லோவில் ஊர்ந்து ஏறும் திறன் போய்விடும். ஃபேரி ஓவர்டிரைவ் (ரோட்டில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) கிடைத்தால் 4.7-ஐ அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

சேலத்திலிருந்து: ஸ்கார்பியோவின் எம்ஹாக் டீசல் எஞ்சினை பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பில் வைக்கலாமா?

உங்கள் ஆக்ஸில் தாங்குமா என்று கேளுங்கள். பழைய ஜீப் பெட்ரோல் எஞ்சினின் முறுக்குவிசை 155 நியூட்டன் மீட்டர், எம்ஹாக் 290. போடி வண்டிக்குச் சொன்ன 37-ஆல் பெருக்கினால் 5,700 எங்கே, 10,700 எங்கே? பாறையில் ஒரு சக்கரம் சிக்கி நிற்கும்போது அத்தனையும் ஆக்ஸில் ஷாஃப்டில் போய் விழும். பிரேக்கும் பழைய டிரம் பிரேக். ஆக்ஸிலும் பிரேக்கும் மாற்றப் பணம் இருந்தால் மட்டும் இறங்குங்கள். அப்போதும் எஞ்சினை மட்டும் வாங்காமல் முழு வண்டியாக வாங்குங்கள். சாவி, இசியு, ஆக்ஸிலரேட்டர் பெடல் மூன்றும் ஒரே வண்டியுடையதாக இருக்கவேண்டும்.

திருச்சியிலிருந்து: ஆர்சி புத்தகத்தில் சிக்கல் வருமா?

வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சி விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. அதே மாடல் எஞ்சினை மாற்றுவதுதான் சுலபமான வழி. வேறு எதுவானாலும் எஞ்சின் வாங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். சேஸிஸ் நம்பரில் மட்டும் கை வைக்கவே கூடாது.

வால்பாறையிலிருந்து: மாற்று எஞ்சினைப் பொருத்தியாகிவிட்டது. பள்ளத்தில் விழும்போது முன் ஆக்ஸில் எஞ்சினடி எண்ணெய்ச் சட்டியில் (சம்ப்) இடிக்கிறது.

எஞ்சினை மேலே தூக்காதீர்கள், ப்ராப்பல்லர் ஷாஃப்ட் கோணம் கெட்டு ஜாயின்ட் போகும். எண்ணெய்க் குழி பின்பக்கம் உள்ள சம்ப் அதே எஞ்சினுக்குக் கிடைக்கிறதா என்று தேடுங்கள், ஆயில் பம்பின் உறிஞ்சு குழாயும் அதற்குரியதாக இருக்கவேண்டும். பூட்டிய பிறகு ஒரு முன் சக்கரத்தின் கீழ் ஜாக்கி வைத்து, ஆக்ஸில் மேலே வருவதைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பரைத் தொடும்வரை தூக்கி, சம்புக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். மறுபக்கமும் அதேபோல்.