1/72 அளவில் (அசலில் 72-இல் ஒரு பங்கு) உள்ள இலவசக் காகித விமான மாதிரியைப் பாதியாகச் சுருக்கி அச்சடித்து, மேசைப் போர் விளையாட்டுக்குப் பயன்படுத்தலாமா?

சுருக்கலாம். ஒட்டத்தான் வராது.

நீங்களும் என்னைப் போல, பிளாஸ்டிக் கிட் விலையைப் பார்த்து மலைத்து, "வீட்டில்தான் பிரிண்டர் இருக்கிறதே" என்று கிளம்பியவராக இருப்பீர்கள். எனக்கு ஆட்டத்தில் ஓர் அணிக்கு மட்டும் 12 விமானம் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் மாதிரி ஒன்றை 50 சதவீதமாக்கி, 1/144 அளவில் அச்சடித்தேன். மூன்று இரவு போச்சு.

எல்லாம் பாதியாகும், அட்டையின் தடிமன் ஆகாது. 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அட்டை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். விமானத்தின் உடல் அட்டையை உருட்டிய வளையங்களைச் சேர்த்து ஒட்டுவதுதான். ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் நுழைய, உள்வளையத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர் குறைய வேண்டும். சுற்றளவில் அது 1.57 மி.மீ. வரைந்தவர் அதைச் சரியாகவே விட்டிருந்தார். நான் பாதியாக்கியதும் அது 0.8 ஆகிவிட்டது. அப்புறம் எப்படி நுழையும்?

சரி, நாமே வரைவோம் என்று உட்கார்ந்தபோது ஸ்பிட்ஃபயரின் இறக்கை கழுத்தறுத்தது. சின்ன அளவில் மேல், கீழ் பரப்பு இரண்டையும் ஒரே துண்டாக வரைந்து, முன்விளிம்பில் மடித்து, பின்விளிம்பில் ஒட்டுவதுதான் சுலபம். ஆனால் மடிப்பு நேர்க்கோட்டில் வரவேண்டும். ஸ்பிட்ஃபயருக்கு நீள்வட்ட இறக்கை, முன்விளிம்பே வளைவு. மடித்தால் அட்டை சுருங்கி நெளிகிறது.

ஆகவே எதிரணியின் ஜெர்மானியப் போர் விமானம், மெசர்ஷ்மிட் 109-இன் இ வகைக்கு மாறினேன். நேரான முன்விளிம்பு, சதுரமாக வெட்டிய நுனி. அசலில் 9.87 மீட்டர் இறக்கை, 1/144-இல் 68.5 மி.மீ. (ஜெர்மானியப் பக்கத்தை ஏன் எடுத்தாய் என்று கேட்க வேண்டாம். மடிக்க வந்தது, எடுத்தேன். அவ்வளவுதான்.) மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கீறினேன். இடது, வலது இறக்கைகளைச் சேர்க்க, உடலுக்குள் குறுக்கே ஓர் அட்டைப் பட்டை. அதை லேசாக 'வி' மாதிரி மடித்தால் இறக்கையின் ஏற்றமும் வந்துவிடும். பட்டையை விடாதீர்கள், எதிரே ஆடுபவர் விமானத்தை எப்போதும் இறக்கையைப் பிடித்துத்தான் தூக்குவார். விமானத்தை மேசையில் நிறுத்தும் தாங்கியின் அடியில் ஒரு நாணயம் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் யாராவது தும்மினாலே படை கவிழும்.

மென்பொருளில் முப்பரிமாணமாக வரைந்து விரித்தால் இத்தனை பாடு எதற்கு என்று சிலர் வருவார்கள். தெரியும் ஐயா. அதுவும் அட்டையின் தடிமனைத் தானாகக் கழித்துத் தராது. நாம்தான் சொல்ல வேண்டும். காகிதம் சிறுபிள்ளை வேலை என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. 6 மி.மீ. குழாய் ஒன்றை உருட்டி ஒட்டிவிட்டு வரட்டும், பேசலாம்.

அச்சடிக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' தேர்வை எடுத்துவிடுங்கள், அது தாளுக்கு ஏற்ப அளவை மாற்றிவிடும். இங்க்ஜெட் என்றால் ஒட்டுவதற்கு முன்பே வார்னிஷ் அடியுங்கள், வெள்ளைப் பசை ஈரத்தில் மை கரையும். வெட்டிய விளிம்பின் வெள்ளையைச் சாம்பல் நிற ஸ்கெட்ச் பேனாவால் மறையுங்கள்.

பிரிண்டர் என்றதும் வயிறு எரிகிறது. கறுப்புக் கோடு மட்டும் போதும் என்கிறேன். மஞ்சள் மை தீர்ந்துவிட்டதாம், கறுப்பையும் அச்சடிக்க மாட்டேன் என்கிறது. காசு கொடுத்து வாங்கிய கறுப்பு உள்ளே நிறைய இருக்கிறது! இதை எவரும் கேட்பதில்லை. 1940-இல் பல 109-களுக்கு மூக்கில் மஞ்சள் அடித்திருந்தார்கள், என் மஞ்சள் எல்லாம் அதிலேயே போயிருக்கும். எட்டு விமானத்துக்கு அச்சு மூக்கு. மீதி நான்கையும் என் மகளின் கிரேயானில் தீட்டினேன்.