மணிமாலை ஏன் அறுந்தது? 900 ரூபாயில் எப்படிக் கோர்ப்பது?

கேள்வி: காதர் நவாஸ் கான் சாலையில் ஒரு டிசைனர் கடையில் மூன்று சரம் பச்சை மணிமாலை பார்த்தேன். இடையிடையே தங்க நிறக் குண்டு, பின்பக்கம் கயிறு. விலை 18,500 ரூபாய். ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். அதே மாதிரி நானே கோர்த்துப் போட ஆசை, ஆனால் 900 ரூபாய்தான் ஒதுக்க முடியும். போன வருடம் ஒன்று கோர்த்தேன். வளைகாப்பு வீட்டில் அறுந்து மணியெல்லாம் சிதறிவிட்டது. பாட்டியின் பழைய பவளம் ஒன்பது இருக்கிறது, அதையும் சேர்க்கலாமா? 2,500 ரூபாய் கட்டினால் பயிற்சியும் பொருளும் தந்து, நான் கோர்ப்பதை எல்லாம் தாங்களே வாங்கிக்கொள்வதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். சேரலாமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சேராதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போன முறை எதில் கோர்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தூண்டில் நரம்பு அல்லது தையல் நூலாக இருக்கும் என்று நினைக்கிறேன். கண்ணாடி மணியின் துளை ஓரம் கூர்மையாக இருக்கும். கழுத்து அசையும்போதெல்லாம் அது நரம்பை அறுத்துக்கொண்டே இருக்கும். அதிலும் கொக்கிக்குப் பக்கத்தில்தான் உராய்வு அதிகம். பெரும்பாலான மாலைகள் அங்கேதான் அறுகின்றன. நரம்பில் போட்ட முடிச்சும் நாளடைவில் நழுவும். எலாஸ்டிக் நூல் வேண்டவே வேண்டாம்.

கடையில் 'கியர் ஒயர்' என்று கேளுங்கள். மெல்லிய எஃகுக் கம்பியின் மேல் நைலான் பூசியிருக்கும். அதோடு 'கியர் லாக்' என்ற குட்டிக் குழல் மணியும் வேண்டும். இதில் முடிச்சே கிடையாது. ஒயரை லாக்கில் நுழைத்து, வளையத்தைச் சுற்றி, திரும்ப அதே லாக்கிலும் அடுத்த இரண்டு மூன்று மணிகளிலும் விட்டு, பிளையரால் லாக்கை நசுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பல் வைத்த பிளையர் ஒயரையே கடித்துவிடும். தட்டையான வாய் உள்ளதை வாங்குங்கள். நசுக்கியதும் நன்றாக இழுத்துப் பாருங்கள், நழுவினால் அப்போதே தெரிந்துவிடும். இரண்டாவது முனையை நசுக்கும் முன் சரத்தைக் கழுத்து மாதிரி வளைத்துப் பிடித்து, ஓரிரு மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள். இறுக்கமாகக் கோர்த்த சரம் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். கொக்கி மாட்டும் வளையம் வாய் ஒட்டியதாக இருக்கட்டும். இடைவெளி இருந்தால் இந்த மெல்லிய ஒயர் அதன் வழியே வெளியே வந்துவிடும்.

இப்போது கணக்கு. பின்பக்கம் கயிறு இருப்பது உங்களுக்கு நல்லது. கழுத்தைச் சுற்றி முழுக்க மணி தேவையில்லை, முன்பக்கம் மட்டும் போதும். உள்சரம் 10 இன்ச், நடுச்சரம் 11, வெளிச்சரம் 12. மொத்தம் 33 இன்ச். 6 மில்லிமீட்டர் பச்சை மணி ஐந்துக்கு ஒரு தங்க நிறக் குண்டு, அது 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 127 பச்சை மணியும் 25 குண்டும் ஆகும். 16 இன்ச் சரத்தில் 67 மணி இருக்கும். ஆக இரண்டு சரம் வாங்கினால் 134. ஒயரை மட்டும் ஒவ்வொரு சரத்துக்கும் 6 இன்ச் கூடுதலாக வெட்டுங்கள்.

கடையில் ஏமாறும் இடமும் இதுதான். 16 இன்ச் என்று சொல்லி விற்கும் சரம் பல நேரம் 15 இன்ச்தான் இருக்கும். அதில் 63 மணி. இரண்டு சரம் சேர்ந்து 126, ஒன்று குறையும். அந்த ஒரு மணிக்காக மறுபடி பாரிமுனைக்கு ஓடினால் அதே பச்சை கிடைக்காது, அடுத்த லாட்டில் சாயம் ஒரு சாயல் மாறியிருக்கும். கைப்பையில் தையல் டேப்பும் பள்ளிக்கூட ஸ்கேலும் எடுத்துப் போங்கள். பத்து மணியைச் சேர்த்து வைத்து அளந்தால் 6 சென்டிமீட்டர் வர வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பாரிமுனையில் இறங்கி என்.எஸ்.சி. போஸ் ரோடு வழியாக நாராயண முதலி தெருப் பக்கம் போங்கள். தெரு முனையிலேயே "ஹோல்சேல் மேடம், வாங்க" என்று கூட்டிக்கொண்டு போகிறவரோடு போகாதீர்கள். அவருக்குத் தரும் கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். மூன்று கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள். "இது ஒரிஜினல் ஜேட், இது எமரால்டு" என்று சொன்னால் விலையை மட்டும் பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள். இந்த விலையில் கிடைப்பது கண்ணாடி அல்லது சாயமேற்றிய சாதாரணக் கல். உங்களுக்குக் கண்ணாடியே போதும், அதில் குறை ஒன்றும் இல்லை. கல் என்று கொடுத்தால் பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு ஒரு மணியைத் துடைத்துப் பாருங்கள். பஞ்சு பச்சையானால் கல்யாணத்தன்று வியர்வையில் பட்டுப்புடவையும் பச்சையாகும்.

எல்லா மணிகளுக்கும் சேர்த்தே 350 ரூபாய்க்கு மேல் போகாதீர்கள். பிளையர், ஒயர், லாக், வளையம், மூன்று சரத்தையும் இரு ஓரத்திலும் சேர்த்துப் பிடிக்க மூன்று துளை வைத்த தகடு இரண்டு, பின் கயிறு ஆகியவற்றுக்கு மீதியை வையுங்கள். என்னிடம் படிக்க வருகிறவர்கள் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். மணிக்கு எழுநூறு, கொக்கிக்குப் பத்து. 18,500 ரூபாய் மாலைக்கும் உங்கள் மாலைக்கும் கண்ணில் படும் வித்தியாசம் ஓர வேலைதான்.

அப்புறம், பவளம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கெடுத்துவிட்டால் திரும்ப வராது. பாட்டியின் பவளத்தை இந்த மாலையில் சேர்க்காதீர்கள். பவளம் சுண்ணாம்புப் பொருள், முத்தும் அப்படித்தான். இரண்டும் கண்ணாடியைவிட மென்மையானவை. கண்ணாடி மணி பக்கத்தில் உட்கார்ந்தால் நாள்தோறும் பவளத்தைத் தேய்க்கும். பளபளப்பு போய் வெளுத்துவிடும். கியர் ஒயரிலும் அதைக் கோர்க்கக் கூடாது. பழைய பவளத்தின் துளை கையால் போட்டது, ஒரே அளவில் இருக்காது, எஃகுக் கம்பி அந்தத் துளையை அரித்துப் பெரிதாக்கும். அதைப் பட்டு நூலில் தனியாக, ஒவ்வொரு மணிக்கும் நடுவே ஒரு முடிச்சுப் போட்டுக் கோர்க்க வேண்டும். முடிச்சு மணிகளைத் தொடவிடாமல் பிரித்து வைக்கும், நூல் அறுந்தாலும் ஒரு மணிக்கு மேல் விழாது. சென்ட், ஹேர் ஸ்பிரே எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் பவளத்தை அணிய வேண்டும். உண்மையா என்று பார்க்கிறேன் என்று யாராவது எலுமிச்சைச் சாறு விட வந்தால் கையைத் தடுத்துவிடுங்கள். உண்மையான பவளம் அமிலத்தில் கரையும். சோதனை முடியும்போது மணியின் பளபளப்பும் போயிருக்கும். "இதைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்துக்கோங்க" என்று சொல்பவரிடமும் கொடுக்காதீர்கள். இன்று பவளம் என்று விற்பதில் சாயமேற்றியது நிறைய.

இனி அந்த 2,500 ரூபாய் விஷயம். முதல் பத்து மாலையைக் கேட்டபடி கோர்த்துக் கொண்டுபோனால், "ஃபினிஷிங் சரியில்லை, இன்னொரு நிலைப் பயிற்சி எடுங்கள்" என்பார்கள். அதற்கும் ஒரு கட்டணம். அதன்பிறகு போன் எடுக்கமாட்டார்கள். இப்படிப் பணம் இழந்து, அரைகுறையாகக் கோர்த்த சரங்களைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து அழுத பெண்களை வருடா வருடம் பார்க்கிறேன். அவர்கள் கொடுக்கும் பெட்டியில் இருக்கும் பொருளை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன், அந்த விலைக்கு அருகில்கூட வராது. வேலை கொடுக்கிறவர் நமக்குப் பணம் தர வேண்டும், நம்மிடம் வாங்கக் கூடாது. ஏற்கெனவே ஆன்லைனில் ஏதாவது அனுப்பியிருந்தால் இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தாமதித்தால் பணத்தை நிறுத்துவது கடினம்.

போலீஸில் புகார் கொடுக்கப் போனால் "இரண்டாயிரத்துக்கா வந்தீங்க?" என்று கேட்கிறார்கள். என் மாணவி ஒருவருக்கு இதுதான் நடந்தது. ஒருவருக்கு இரண்டாயிரம், நூறு பேருக்கு எவ்வளவு என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. தங்க நகையை 2023 ஏப்ரல் முதல் ஹெச்.யு.ஐ.டி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடு இல்லாமல் கடைகள் பெரும்பாலும் விற்க முடியாது. நல்லதுதான். ஆனால் தங்கம் வாங்க வழியில்லாமல் மணி வாங்கும் பெண்ணுக்கு அது கண்ணாடியா கல்லா, கொக்கியில் நிக்கல் இருக்கிறதா என்று ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடைப்பதில்லை. பில் கேட்டாலே சண்டைக்கு வருகிறார்கள். கழுத்து அரித்தால் கொக்கியைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்வது?

டிசைனைப் பார்த்துச் செய்வது தப்பா என்ற தயக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வடிவமைப்புச் சட்டம் விற்பனைக்காகச் செய்வதைத்தான் தடுக்கிறது. உங்கள் கழுத்துக்கு நீங்கள் கோர்ப்பதை யாரும் கேட்கமாட்டார்கள். நாளைக்கு விற்கத் தோன்றினால் அமைப்பை மாற்றுங்கள், அந்த வடிவமைப்பாளர் பெயரைச் சொல்லி விற்காதீர்கள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே கோர்த்து முடித்து, ஒரு சாயங்காலம் முழுக்க அதை வீட்டில் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள். லாக் நழுவுவதாக இருந்தால் அன்றைக்கே நழுவிவிடும். மிஞ்சும் ஏழு பச்சை மணியையும் ஒரு கவரில் போட்டு, பில்லோடு சேர்த்து எடுத்து வையுங்கள். என்றாவது ஒரு மணி உடைந்தால் அந்த நிறம் வேறெங்கும் கிடைக்காது.