குடத்துக்குள் யார் பெயர்?

வணக்கம். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பொது நிர்வாகம் நடத்துகிறேன். மாணவர்களை ஏரியா சபைக் கூட்டத்துக்கு (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் சபை) அழைத்துப்போனேன். முப்பது பேர் வந்திருந்தார்கள், ஐந்து பேர் பேசினார்கள், ஐவரும் கட்சிக்காரர்கள். “இதுதான் மக்கள் பங்கேற்பா சார்?” என்று மாணவர்கள் கேட்கிறார்கள். குடவோலை மாதிரி குலுக்கலில் ஆளெடுத்து, வார்டின் மழைநீர் வடிகால் பற்றி ஒரு மன்றம் நடத்தலாமா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக நடத்துங்கள். ஆனால் குடவோலையை மாணவர்களுக்கு முழுதாகச் சொல்லுங்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும் குடத்துக்குள் ஊரார் எல்லார் பெயரும் போகவில்லை. அது பிராமணர் சபை. நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் வேண்டும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை அதிலுள்ள விலக்குகள்: முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் (சபையின் குழுவில்) இருந்தவருக்கு இடமில்லை, கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை.

குலுக்குவது எளிது, எந்தப் பட்டியலிலிருந்து என்பதுதான் சிக்கல். வாக்காளர் பட்டியலில், வீடு மாற்றிப் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டவர் பெயர் இன்னும் இருக்கலாம். வாடகைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளி பெயர் இருக்காது. ஆகவே வீடுகளைக் குலுக்குங்கள். மாணவர்கள் தெருத்தெருவாக நடந்து கதவெண் எழுதட்டும். மாடி போர்ஷன், ஹவுசிங் போர்டு வீடு, கால்வாய்க்கரைக் குடிசை ஒவ்வொன்றையும் பட்டியலில் தனி வரியாக எழுதட்டும். 300 வீடுகளை எடுத்து நேரில் போய்க் கேளுங்கள். 18 வயது நிறைந்தவர்களில் அடுத்த பிறந்தநாள் யாருக்கோ அவரை அழையுங்கள். இல்லாவிட்டால் குடும்பத்தலைவர்தான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். சம்மதித்தவர்களிலிருந்து பால், வயது, தொழில், குடியிருப்பு பார்த்து 32 பேரை மறுபடி குலுக்குங்கள். மாற்றாக எட்டுப் பேர் கையில் இருக்கட்டும்.

ஞாயிறு காலை வேண்டாம். காசிமேட்டில் வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. மீன் விற்கும் பெண்கள் வரமுடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், கையில் காசுதான் இருக்காது. எப்போது நடத்தினாலும் ஒரு நாள் கூலி கொடுத்துவிடுங்கள். பணம் போதாதென்றால் ஆளைக் குறையுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள்.

எட்டுப் பேருக்கு ஒரு மேசை, ஒரு நெறியாளர், குறிப்பெழுத ஒருவர். முதல் சுற்றில் ஆளுக்கு இரண்டு நிமிடம், இடையில் யாரும் பேசக்கூடாது. மாநகராட்சிப் பொறியாளர் வடிகால் வரைபடத்தை விரித்து 15 நிமிடம் விளக்கட்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும், பிறகு வெளியே போய்விட வேண்டும். அவர் உட்கார்ந்திருந்தால் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள். கவுன்சிலருக்கும் இதே விதி.

குறிப்பெழுதும் மாணவர்களைத்தான் அதிகம் பழக்க வேண்டும். “கால்வா ரோட்டவிட மேட்டுல இருக்கு, தண்ணி எப்படிப் போவும்?” என்று ஒரு அம்மா கேட்டதை ‘வடிகால் வசதி மேம்பாடு’ என்று எழுதிவிடுவார்கள். மட்டம் தவறியிருக்கிறது என்ற தகவல் அதோடு போயிற்று. சொன்ன வார்த்தையிலேயே எழுதட்டும், எந்தத் தெரு முனை என்பதோடு.

இத்தனைக்கும் முன்னால் மண்டல அலுவலகத்திடமோ கவுன்சிலரிடமோ ஒரு கடிதம் வாங்குங்கள்: ஒவ்வொரு பரிந்துரைக்கும் 60 நாளில் ஏற்பா, மறுப்பா, என்ன காரணம் என்று எழுத்தில் பதில். கிடைக்கவில்லையென்றால் இது வகுப்புப் பயிற்சி மட்டும்தான் என்று வீடுவீடாகச் சொல்லும்போதே சொல்லிவிட வேண்டும். நம்பி வந்தவரை ஏமாற்றினால், அடுத்த ஆண்டு உங்கள் மாணவருக்கு அந்தக் கதவு திறக்காது.

கடிதம் வரும்வரை வகுப்பில் இதைச் செய்யுங்கள். ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே பார்க்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 அறிவிக்கைப்படி, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டக் குறிப்பை முடிவில் உள்ளூர் மொழியில் வாசித்துக்காட்ட வேண்டும். எழுந்த சுற்றுச்சூழல் கவலைகளுக்குத் திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனம் இறுதி மதிப்பீட்டு அறிக்கையில் பதில் தர வேண்டும். எண்ணூர்ப் பக்கத் திட்டம் ஒன்றின் கூட்டக் குறிப்பை எடுத்து, ஆளுக்குப் பத்துக் கேள்விகளாகப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இறுதி அறிக்கையில் எந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது, அது கேட்டதற்கான பதில்தானா என்று தேடிக் குறிக்கட்டும்.