மரவேலையே தெரியாதவர் எலக்ட்ரிக் கிட்டாரைக் கையால் செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். அக்கூஸ்டிக் கிட்டாரைப் பற்றிக் கேட்டிருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். அதில் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத பலகையை வளைத்து ஒட்டி, அந்தப் பெட்டியே ஒலிக்கும்படி செய்தாக வேண்டும். எலக்ட்ரிக் கிட்டாரில் அந்தப் பொறுப்பைப் பிக்கப் ஏற்றுக்கொள்கிறது. காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செப்புக் கம்பி இருக்கும். அதற்கு மேல் எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். உடல் திடமாக இருந்தால் போதும். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் பிக்கப்பையும் கழுத்தையும் பொருத்தி வாசித்தார். பார்க்கக் கிட்டார் போல இருக்க வேண்டுமே என்றுதான் அதன் இரு பக்கமும் வேறொரு கிட்டாரின் உடலை அறுத்து ஒட்டினார்.

முதல் கிட்டாருக்கு டெலிகாஸ்டர் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கிய லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்த்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. எளிதாகச் செய்யவும் எளிதாகக் கழற்றி மாற்றவும் ஏற்றதாக அவர் யோசித்ததால்தான், 1950-51இல் வந்த அந்தக் கிட்டார் சுமார் 45 மி.மீ. தடிமனுள்ள தட்டையான பலகையாகவும், நான்கு திருகாணிகளால் மாட்டிய கழுத்தாகவும் அமைந்தது. மேல்பக்கம் வளைவாகச் செதுக்கி, கழுத்தைச் சாய்வாக ஒட்டும் கிப்சன் லெஸ் பால் வடிவம் அழகுதான். ஆனால் அது இரண்டாவது அல்லது மூன்றாவது கிட்டாருக்கான வேலை.

மரத்தைப் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டைகளை ஒதுக்கிவிடுங்கள். எந்த மரம் என்பதைவிட எவ்வளவு காய்ந்த மரம் என்பதே முக்கியம். குயின் இசைக்குழுவின் பிரையன் மே பதின்வயதில், 1963இல், தந்தையோடு சேர்ந்து ஒரு கிட்டாரைச் செய்யத் தொடங்கினார். கழுத்துக்கு அவர்கள் எடுத்தது நூறாண்டு பழமையான கணப்படுப்பின் மகாகனிச் சட்டம். பழைய ஓக் மேசையிலிருந்தும், மரத்துண்டுகளை அடுக்கி ஒட்டிய பிளாக்போர்டு (blockboard) பலகையிலிருந்தும் உடல் வந்தது, பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் சுருதியை ஏற்றி இறக்கும் டிரெமலோவுக்குப் போயின, தாயின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் கழுத்தில் விரல் பதியும் பலகையான ஃப்ரெட்போர்டின் அடையாளப் புள்ளிகளாயின. வேலை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீண்டது. பிறகு உலகின் பெரிய மேடைகளிலெல்லாம் அவர் வாசித்தது அதே கிட்டாரைத்தான்.

நம் ஊரிலும் பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடைகள் உண்டு. அங்கே கிடைக்கும் தேக்கு நிலைச்சட்டம் பல பத்தாண்டுகள் காய்ந்து அடங்கியது. உடலுக்கு அருமையாகப் பொருந்தும். அறுக்கும் முன் உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம் என்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோனால் துடைக்க வேண்டும். வேங்கையும் நல்ல மரமே, ஆனால் கனமானது; இரண்டு மணி நேரம் தோளில் மாட்டி நின்றால் தெரியும். புதிதாக அறுத்த மரம் என்றால் காற்றோட்டமான இடத்தில் குச்சிகள் கொடுத்து அடுக்கி வைத்து, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகே கை வையுங்கள்.

இனி, நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். உடலின் வளைவு அரை சென்டிமீட்டர் கோணினாலும் கிட்டாரை வாசிக்கலாம். உடலையும் கழுத்தையும் ஒரே நேரில் வைக்கும் நடுக்கோடும், கழுத்தின் குறுக்கே பதியும் உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளின் இடமும் அரை மில்லிமீட்டர் தவறினால் வாசிக்க முடியாது. உங்கள் பொறுமையில் பெரும்பகுதியை இந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள்.

கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் தங்கும் நட்டிலிருந்து, உடலில் அவை தங்கும் பிரிட்ஜ் வரையிலான தந்தி நீளத்தை ஃபெண்டர் அளவான 648 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதை 17.817ஆல் வகுத்தால் 36.37 வரும். நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் அவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும். மீதி 611.63ஐ மறுபடி அதே எண்ணால் வகுத்தால் 34.33, முதல் ஃப்ரெட்டிலிருந்து இரண்டாவதற்கு அவ்வளவு. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் 324இல், சரிபாதியில் விழும். வானியலாளர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி 1581இலேயே லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்துக்கு 18 என்ற எண்ணைச் சொல்லியிருக்கிறார். அதைக் கொண்டு கணக்கிட்டால் நம் பன்னிரண்டாவது ஃப்ரெட் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நட்டின் பக்கம் நகர்ந்துவிடும். சிறிய வித்தியாசம் எத்தனை பெரிதாகிறது என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன். கணக்கை வரிசையாகப் போடலாம். மரத்தில் குறிக்கும்போது மட்டும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். ஒன்றிலிருந்து அடுத்தது என்று அளந்தால் பிழைகள் கூடிக்கொண்டே போகும்.

வீணையில் மெழுகின் மேல் மெட்டுகளைப் பதித்து, செவியால் கேட்டு நகர்த்தி அமைக்க முடியும். கிட்டாரில் ரம்பம் பட்ட இடமே முடிவு. ஆகவே ஃப்ரெட்டுக்கான பிரத்தியேக ரம்பத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். அது ஏறத்தாழ 0.6 மி.மீ. தடம் வெட்டும். ஹாக்சா பிளேடின் தடம் அதைவிட அகலம். ஃப்ரெட் பிடிப்பின்றிக் கழன்று வரும். ஃப்ரெட்போர்டுக்கு ஈட்டி மரத்துக்கு இணையானது அரிது. உலகம் முழுவதும் கிட்டார்களில் ‘இந்திய ரோஸ்வுட்’ என்று போற்றப்படுவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் இந்த மரமே. சட்டப்படி வெட்டியதுதானா என்று கேட்டு, ரசீதோடு வாங்குங்கள். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும், முகக்கவசம் கட்டாயம்.

கழுத்தைக் கடையில் வாங்கிவிடலாமே என்று பலர் சொல்வார்கள். நான் மறுக்கிறேன். கை இழைப்புளியைப் பிடிக்கக் கற்பதும், மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கக் கற்பதும் கழுத்தில்தான். ரேகை நேராக ஓடும், கணு இல்லாத கட்டையைத் தேர்ந்தெடுங்கள். அல்லது மூன்று பட்டைகளை ரேகை எதிரெதிராக வரும்படி ஒட்டிக்கொள்ளுங்கள். ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ விசையோடு இழுக்கும். அதை எதிர்க்க உள்ளே ஓர் இரும்புத் தண்டு, டிரஸ் ராட், வேண்டும். இருபுறமும் திருகும் வகை என்றால் நேரான கால்வாய் ஒன்று வெட்டினால் போதும். பின்பக்க வளைவை அரத்தாலும் உப்புத்தாளாலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அடிக்கடி கையில் பிடித்துப் பாருங்கள். உங்கள் உள்ளங்கைக்கே பொருந்தும் கழுத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

உடலில் கழுத்துக்கான குழியையும் பிக்கப் குழிகளையும், மரத்தைக் குடையும் மின்கருவியான ரூட்டரால் எடுக்கும்போது முதலில் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் அச்சு செய்துகொள்ளுங்கள். ஒரே மூச்சில் ஆழமாகப் போகாமல் நான்கைந்து மில்லிமீட்டராக இறங்க வேண்டும். ரூட்டர் இல்லையென்றால் துளைகள் போட்டு, உளியாலும் கொட்டாப்புளியாலும் குழி எடுக்கலாம்; நேரம் பிடிக்கும், ஆனால் கைக்கு நல்ல பயிற்சி.

பிரிட்ஜைக் கடைசியில் பொருத்துங்கள். கழுத்தைத் திருகி மாட்டியபின் நட்டின் இரு ஓரங்களிலிருந்தும் பிரிட்ஜுக்கு நூல் இழுத்து, ஃப்ரெட்போர்டின் இரு பக்கமும் இடைவெளி சமமா என்று பாருங்கள். பிரிட்ஜ் மேல் தந்திகளைத் தாங்கும், முன்பின் நகரும் சேடில்கள் முன்பக்கம் வந்து நிற்கும்போது 648 மி.மீ. இருக்கட்டும். தந்தியை அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி கூடுவதால், தடித்த தந்திகளின் சேடில்கள் பின்னால் போக இடம் வேண்டும்.

மின்வேலை எளிது: ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் ஒலியளவையும் தொனியையும் மாற்றும் குமிழ்களுக்கு 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர்கள் இரண்டு, ஒரு கப்பாசிட்டர், ஒரு சுவிட்ச், கேபிள் செருக ஒரு ஜாக். பிரிட்ஜுக்கு எர்த் கம்பி இழுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் இரைச்சல் அதிகமாகும். குழிகளின் உள்ளே செப்புத் தகடு ஒட்டி அதையும் எர்த்தோடு இணைத்தால் இரைச்சல் இன்னும் குறையும்.

மெருகுக்கு அரக்கு கரைத்துப் பூசும் ஃபிரெஞ்சு பாலிஷ் போதும். ஆளி எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள்; சுருட்டிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

தந்தி கட்டியபின் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் விரலை லேசாகத் தொட்டு எழும் ஒலியையும், அழுத்தி வாசிக்கும் ஒலியையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி கூடுதலாக இருந்தால் சேடிலைப் பின்னுக்கும், குறைவாக இருந்தால் முன்னுக்கும் நகர்த்தி, மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். புதிய கழுத்து இழுவைக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். அதன் பிறகு டிரஸ் ராடைக் கால் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்து, இந்தச் சோதனையை இன்னொரு முறை ஆறு தந்திகளுக்கும் செய்யுங்கள்.