எழுந்தவுடன் கண் இருள்வது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 66. பத்து ஆண்டுகளாக ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். விடியற்காலையில் சட்டென்று எழுந்தால் கண் இருண்டு, சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அழுத்தத்தைக் கண்காணிக்கும் உணரிகள் கழுத்திலேயே உள்ளன என்று படித்தேன். அவை இருந்தும் இது ஏன் நேர்கிறது? அவை இருக்கும்போது ரத்தக் கொதிப்புதான் எப்படி வந்தது?

பதில்: தாங்கள் படித்தது சரியே. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள சிறு புடைப்பிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் இந்த நரம்பு முனைகள் அமைந்துள்ளன. உண்மையில் அவை உணர்வது ரத்தக்குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதைத்தான். சுவர் இழுபடும்போது திறந்துகொள்ளும் பியெசோ 1, பியெசோ 2 என்ற இரண்டு புரதங்களே இந்த உணர்வுக்கு அடிப்படை என்பது எலிகளில் 2018இல் காட்டப்பட்டது. அப்புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த உணரிகள் ஆபத்து வந்தால் மட்டும் ஒலிக்கும் மணியைப் போன்றவை அல்ல. அவை ஓயாமல் மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அழுத்தம் குறைந்தால் அந்தச் செய்தியும் குறைகிறது, அந்தக் குறைவையே முகுளம் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறது. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரையிலான ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குவதால், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து அழுத்தமும் சரிகிறது. உடனே முகுளம் வேகஸ் நரம்பின் மூலம் இதயத்தின் மீது போட்டிருந்த கடிவாளத்தைத் தளர்த்துகிறது. துடிப்பு ஓரிரு நொடிகளில் விரைவுபடுகிறது. பரிவு நரம்புகள் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதற்கோ மேலும் சில நொடிகள் ஆகும். கண் இருள்வது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

இளம் வயதில் அந்த இடைவெளி தெரியாமலே கடந்துவிடும். வயதாக ஆகத் தமனிச் சுவர் விறைப்படைவதால், அழுத்தம் மாறினாலும் சுவர் முன்போல் விரிந்து சுருங்குவதில்லை. உணரிக்குக் கிடைக்கும் செய்தியும் மங்கிவிடுகிறது. நீர் பிரியச் செய்யும் மாத்திரைகளும், புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகளும் இந்தச் சரிவைக் கூட்டலாம். நீண்டகாலச் சர்க்கரை நோய் இந்த நரம்புகளையே பழுதாக்கக்கூடும்.

இனி, தங்கள் இரண்டாவது வினா, கூர்மையான வினா. இந்த உணரிகள் காவல் காப்பது திடீர் மாற்றத்துக்கு எதிராகத்தானே தவிர, உயர்ந்த அளவுக்கு எதிராக அல்ல. அழுத்தம் ஓரிரு நாட்கள் தொடர்ந்து உயர்ந்தே இருந்தால், அவை அந்த உயர்வையே இயல்பு என ஏற்றுக்கொண்டு பழகிவிடுகின்றன. கௌலி, கைட்டன் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களில் இந்த நரம்புத் தொடர்பைத் துண்டித்துப் பார்த்து 1973இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் நாள் முழுவதும் தாறுமாறாக ஏறி இறங்கியதே தவிர, அதன் சராசரி அதிகம் மாறவில்லை. நீண்டகால அளவைத் தீர்மானிப்பதில், உடலின் உப்பையும் நீரையும் ஆளும் சிறுநீரகத்துக்கே பெரும்பங்கு உண்டு.

எழுவதற்கு முன் கட்டிலின் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழுந்திருங்கள். மருத்துவரிடம் படுத்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள்ளும் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருந்தை மாற்றியமைப்பது பற்றி அவர் யோசிப்பார். தாங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: முடி திருத்தும் கடையில் கழுத்தை அழுத்திப் பிடித்துவிட்டபோது என் தந்தைக்கு மயக்கம் வந்தது. இதற்கும் அந்த உணரிகளுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: இருக்கலாம். வெளியிலிருந்து அழுத்தினாலும் உணரி அதை ரத்த அழுத்தம் ஏறியதாகவே எண்ணுவதால், இதயத் துடிப்பு குறைகிறது. முதியவர்கள் சிலருக்கு இந்த இடம் மிகை உணர்ச்சி கொண்டிருக்கும். இறுக்கமான காலரே போதும். (கழுத்துத் தமனிக்கு வழங்கும் ‘கரோட்டிட்’ என்ற பெயரே மயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.) சில வகைப் படபடப்பை அடக்க மருத்துவர்களும் இவ்விடத்தை அழுத்துவதுண்டு, ஆனால் இ.சி.ஜி. பார்த்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் மட்டும். தங்கள் தந்தையை இதய மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அந்தக் கழுத்துப் பிடிப்பு வேண்டாம்.